கடையா, கம்பனியா? வரி எவ்வளவு?

வரவு செலவுத் திட்டம் வந்தால் வரி விவாதமும் சூடுபிடிக்கும். சிறு வியாபாரி முதலில் பார்க்க வேண்டியது, வியாபாரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையே.

2025/2026 வரி மதிப்பாண்டில் தனிநபருக்கு 18 இலட்சம் ரூபா நிவாரணம். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீத வரி. நோட்டன் பிரிட்ஜில் சொந்தப் பெயரில் கடை நடத்துபவரின் ஆண்டு இலாபம் 24 இலட்சம், வேறு வருமானம் இல்லை என வைத்துக்கொள்வோம். அவருக்கு வரி 36,000 ரூபா.

சம்பளம் போக அதே இலாபம் தனியார் கம்பனியில் மிஞ்சினால், 30 வீதப்படி 720,000 ரூபா. கம்பனிக்குத் தனிநபர் நிவாரணம் கிடையாது. சிறு, நடுத்தரக் கம்பனிகளுக்கு இருந்த 14 வீதச் சலுகையும் 2022 ஒக்டோபருடன் நீங்கிவிட்டது.

ஸகாத்துக்குக் கணக்குப் பார்க்கும் நாம், கம்பனி பதியுமுன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.