சொன்னதைச் செய்யும் ஏஜெண்ட்டுக்கு ஒரு குறிப்பு

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்கிறாய். புரோகிராம் எழுதுவதில்லை என்கிறாய். பிறகு என்னதான் எழுதுகிறாய்?"

"கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறேன் மாமா. இப்போது அதைப் படிப்பவர்கள் மனிதர்கள் மட்டும் இல்லை" என்றேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பேச்சு நின்றது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்துக்கு சர்வர் வேண்டுமென்றால் பெட்டியை விலைக்கு வாங்கி, குளிரூட்டிய அறையில் வைத்துக் காக்க வேண்டும். 2006-ல் அமேசான் 'ஈ.சி.2' என்ற சேவையைத் தொடங்கியபின் சர்வரை வாடகைக்கு எடுப்பது பழக்கமாயிற்று. இதைத்தான் கிளவுட் என்கிறோம். நம் மும்பையிலும் 2016 முதல் அமேசானின் மையம் உண்டு. சர்வர் ஓடும் நேரத்துக்கு வாடகை. நிறுத்திவைத்த டாக்ஸியில் மீட்டர் ஓடுவதுபோல, நாம் வேலை வாங்காவிட்டாலும் கட்டணம் ஏறும்.

ஏ.ஐ. ஏஜெண்ட் என்பது நாம் பேச்சு மொழியில் சொல்வதைப் புரிந்துகொண்டு, தன்னிடமுள்ள கருவிகளில் எதை இயக்கலாம் என்று தானே முடிவு செய்யும் மென்பொருள். இதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'எம்.சி.பி.' என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவை உண்டு. கருவியைப் பற்றி ஏஜெண்ட்டுக்குத் தெரிவது பெரும்பாலும் இவ்வளவே. அந்த விளக்கத்தை எழுதுவதுதான் என் வேலை.

அதில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். சர்வரைத் தொடங்கும் கருவிக்கு, "புதிய சர்வரைத் தொடங்கும்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஏஜெண்ட்டிடம் ஒரு பெரிய சர்வர் கேட்டான். பதில் வரத் தாமதமாயிற்று. 'நடக்கவில்லை போலும்' என்று எண்ணிய ஏஜெண்ட் மீண்டும் கேட்டது, மறுபடியும் கேட்டது. மூன்று சர்வர்கள் பிறந்தன. பையனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் சனி, ஞாயிறு முழுக்க ஓடின. வாடகை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. திங்களன்று எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஊரை விட்டு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், முகம் வெளுத்து நின்றான். தவறு என் வரியில் இருக்கிறது என்று எழுந்து சொன்னேன். அன்றிரவு அந்தக் குறிப்பைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தது, நான் முதன்முதலில் பம்பாய்க்கு வந்தபோது மாமா எழுதிய கடிதம். "தாதரில் இறங்கு. வந்த திசையிலேயே ஒரு ஸ்டேஷன் திரும்பிப் போனால் மாட்டுங்கா. ஸ்லோ வண்டியில்தான் ஏற வேண்டும். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. தவறி ஏறிவிட்டால் பதறாதே. வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஸ்லோ வண்டி பிடி." ஊர் தெரியாதவன் எங்கே தடுமாறுவான் என்று யோசித்து எழுதிய கடிதம் அது. ஏஜெண்ட்டும் ஊருக்குப் புதிதாக வந்தவன்தான். சொல்லாமல் விட்டதை அது ஊகித்துக்கொள்ளும்.

புதிய குறிப்பின் முதல் வரியே, "இதை இயக்கினால் உடனே கட்டணம் தொடங்கும்" என்பது. எப்போது இயக்கக்கூடாது என்பது அடுத்த வரி. பிறகு, தொடங்கிய சர்வர் சிறிது நேரம் 'பெண்டிங்' நிலையில் இருக்கும். மறுபடி தொடங்காதே, நிலையை மட்டும் விசாரி என்று எழுதினேன். ஈ.சி.2-வில் 'கிளையண்ட் டோக்கன்' என்ற அடையாளச் சொல் உண்டு. அதே டோக்கனோடு அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் இரண்டாவது சர்வர் பிறக்காது. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பையன் தலைகுனிந்திருக்க மாட்டான்.

விசித்திரமான ஒன்றும் உண்டு. சர்வரைத் தொடங்காமல், அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க 'டிரை ரன்' என்ற ஒத்திகை வசதி இருக்கிறது. அனுமதி இருந்தால் 'டிரை ரன் ஆபரேஷன்' என்ற பெயரில் பிழைச் செய்தி வரும். பிழை என்று வந்தாலும் பொருள் வெற்றிதான்! இதை விளக்காவிட்டால் எந்த ஏஜெண்ட்டும் குழம்பும்.

நிறுத்துவதும் நீக்குவதும் ஒன்றல்ல என்றும் எழுதினேன். நிறுத்திய சர்வருக்கு ஓட்ட வாடகை இல்லை. ஆனால் அதனோடு இணைந்த டிஸ்க்குக்குக் கட்டணம் தொடரும். அடுத்தது வாசல் விஷயம். தொலைவிலிருந்து நுழையும் 22-ஆம் எண் வாசலை '0.0.0.0/0' என்று திறந்தால் உலகம் முழுவதற்கும் திறந்ததாகிவிடும். ஆகவே எந்த முகவரிக்குத் திறப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள் என்றும் சேர்த்தேன்.

ஆனால் குறிப்பு பூட்டு ஆகாது. எவ்வளவு தெளிவாக எழுதினாலும் ஏஜெண்ட் தவறலாம். ஆகவே அதன் அனுமதிகளைக் குறைத்து வைக்க வேண்டும். பெரிய சர்வர் என்றால் ஒரு மனிதர் 'சரி' சொன்ன பிறகே தொடங்க வேண்டும். இரண்டையும் எங்கள் அலுவலகத்தில் செய்தோம்.

எழுத்து வேலையால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தெரியாதவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து, ஒரு வரியும் விடாமல் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் துறையிலும் இடம் உண்டு.

அந்தப் பையன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் முதலில் படித்து, "சார், இங்கே ஒரு புதிய ஆள் தடுமாறுவான்" என்று சுட்டிக்காட்டுபவன் அவன்தான்.