புல்வெட்டி வண்டியில் பெல்ட் அறுந்தால்

பாதிப் புல்வெளி வெட்டியாகிவிட்டது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகரவில்லை. அமெரிக்க, கனடியப் புறநகர்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்லோடு வீடு வாங்கியவர்களுக்குக் கோடையில் என்றாவது ஒருநாள் இது நேரும். ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் இப்படி ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடியில் ஓடும் ரப்பர் பெல்ட்டை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே அதை மாற்றிவிடலாம். ஆனால் அது ஏன் அறுந்தது என்று தெரியாமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

எந்த பெல்ட்?

வண்டியில் பொதுவாக இரண்டு பெல்ட்டுகள். எஞ்சினின் சுழல்தண்டு கீழ்நோக்கி நிற்கும்; அதன் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புல்லிகள். ஒன்றிலிருந்து பின்பக்க கியர் பெட்டிக்குப் போவது டிரைவ் பெல்ட். வண்டியை நகர்த்துவது அதுதான். மற்றொன்றிலிருந்து வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும் 'டெக்' பகுதிக்குப் போகும் பெல்ட் பிளேடுகளைச் சுற்றுகிறது. வண்டி ஓடி பிளேடு நின்றால் டெக் பெல்ட்டைப் பாருங்கள். பிளேடு சுற்றி வண்டி நின்றால் டிரைவ் பெல்ட்டைப் பாருங்கள்.

அடியில் படுப்பதற்கு முன் இன்னொன்று. கியர் மாற்றாமல் பெடலிலேயே வேகம் கூட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளில், கையால் தள்ளிச் செல்வதற்கென்று பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். யாராவது அதை இழுத்துவிட்டு மறந்திருந்தாலும் வண்டி நகராது.

பெல்ட்டே கிளட்ச்

காரில் இருப்பதுபோல் தனி கிளட்ச் இந்த வண்டிகள் பலவற்றில் கிடையாது. பிரேக் பெடலை மிதித்தால் ஐட்லர் என்கிற சிறு புல்லி விலகும், பெல்ட் தளரும், எஞ்சின் புல்லி அதற்குள் வெறுமனே சுற்றும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் ஐட்லரை இழுக்க, பெல்ட் இறுகி ஆப்பு அடித்ததுபோல் புல்லியின் பள்ளத்தில் பதியும். பிடிமானம் பெல்ட்டின் இரு பக்கச் சரிவுகளில்தான் இருக்கிறது, அடியில் இல்லை.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் பெல்ட் சற்று வழுக்கி, உராய்ந்து, சூடேறிப் பிறகுதான் பிடிக்கும். அதனால்தான் நீளம் சரியாக இருக்கிறதே என்று சாதாரண வி-பெல்ட்டை வாங்கி மாட்டினால் அது நெடுநாள் உழைப்பதில்லை. இந்த வேலைக்கென்று வரும் பெல்ட்டுகள் பலவற்றில் உள்ளே அராமிட் இழை ஓடும். 1965-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டறிந்த கெவ்லார் இந்த வகையைச் சேர்ந்தது. அது எளிதில் நீளாது, சூட்டையும் தாங்கும்.

அறுந்த பெல்ட்டை அளந்து புதியது வாங்காதீர்கள். உழைத்த பெல்ட் நீண்டிருக்கும். பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் மாடல் எண் தகடு இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு உதிரிபாக எண்ணைக் கண்டுபிடித்து வாங்குங்கள். அகலமும் முக்கியம். அரை அங்குல பெல்ட்டை 5/8 அங்குலப் பள்ளத்தில் போட்டால் அடியில் உட்கார்ந்து வழுக்கும்.

பழைய பெல்ட் என்ன சொல்கிறது?

குப்பையில் போடுவதற்கு முன் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் வெகுநாளாக வழுக்கியிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம். ஒரு விளிம்பு மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் எதன்மீதோ உரசியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் பெல்ட் ஓடாமல் நிற்க, எஞ்சின் புல்லி அதே இடத்தைத் தேய்த்திருக்கிறது. எங்கோ ஒரு புல்லி இறுகிக் கிடக்கிறது என்று பொருள்.

வேலைக்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றுங்கள். சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் பெட்ரோல் ஒழுகும், ஆயில் காற்று வடிகட்டிக்குள் போகும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடும் ஸ்பிரிங்கும் சொல்லிவிட்டு அடிப்பதில்லை.

மாற்றும் முறை

1. டெக்கை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். டெக் பெல்ட்டை எஞ்சின் புல்லியிலிருந்து கழற்றி, டெக்கைப் பிடித்திருக்கும் ஊசிகளை எடுத்து, பக்கவாட்டில் வெளியே இழுங்கள்.

2. டிரைவ் பெல்ட் ஓடும் பாதையைப் பல கோணங்களில் படம் எடுங்கள். அறுந்தது முழுதாக விழுந்துவிட்டிருந்தால் கையேட்டில் உள்ள படம்தான் வழி.

3. பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். பல மாடல்களில் இதுவே ஐட்லரை விலக்கி வைக்கும்.

4. எஞ்சின் புல்லிக்குக் கீழே பிளேடுகளுக்கான மின் கிளட்ச் இருந்தால் அதன் வயர் இணைப்பைப் பிரியுங்கள். வயர் குறுக்கே நின்றால் பெல்ட் கடக்காது.

5. ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஆட்டம் கொடுத்தாலோ பேரிங் போய்விட்டது. அந்தப் புல்லியையும் இப்போதே மாற்றுங்கள்.

6. புதிய பெல்ட்டைப் பழைய பாதையிலேயே விடுங்கள். பள்ளமுள்ள புல்லியில் பெல்ட்டின் சரிந்த பக்கம் உட்கார வேண்டும். தட்டையான ஐட்லரில் முதுகு பட வேண்டும். கியர் பெட்டி புல்லியின் மேல் விசிறி இருந்தால் ஒவ்வோர் இதழாகத் தாண்டவிடுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் இழை முறியும்.

7. புல்லிகளின் ஓரத்தில் சிறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் தளரும்போது குதித்துவிடாமல் காப்பவை அவைதான். பெல்ட் அவற்றுக்கு உட்புறமாகப் போக வேண்டும். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான். வெளிப்புறமாகப் போன பெல்ட் கம்பியில் உரசி வெகு சீக்கிரம் நார்நாராகும்.

சோதனை

டெக்கை மாட்டுவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அதை மறுபடி கழற்றும் வேலை மிச்சம். வயர்களை இணைத்து, திறந்த வெளியில் மெதுவாக முன்னும் பின்னும் செலுத்துங்கள். பிரேக்கை மிதித்ததும் வண்டி நின்று, பெல்ட் சத்தமில்லாமல் தளர வேண்டும். கீச்சொலியோ ரப்பர் கருகும் வாடையோ வந்தால் எஞ்சினை நிறுத்தி, முதலில் அந்தக் கம்பிகளையும் பிறகு ஐட்லரையும் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் டெக்கை மாட்டிவிட்டு மீதிப் புல்லை வெட்டலாம்.