கயிற்றை இழுக்கும் உரிமை

பொருளில் குறை நேர்ந்தால் தொழிலாளியைக் கடிவதே வழக்கமாக இருந்துவருகிறது. அது பொருந்தாது என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரில் நிகழ்ந்த மாற்றம் சான்றாகும்.

கலிபோர்னியா மாநிலத்தின் அந்நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார்த் தொழிற்சாலை, தரக்குறைவும் தொழிற்பூசலும் மிகுந்திருந்த நிலையில் 1982இல் மூடப்பட்டது. 1984இல் ஜப்பானின் டொயோட்டாவுடன் கூட்டாக, ‘நம்மி’ என்னும் பெயரில் அது மீண்டும் இயங்கலாயிற்று. பணியாளருள் பெரும்பாலோர் பழையவர்களே. ஆயினும், சில ஆண்டுகளிலேயே அவர்கள் உருவாக்கிய கார்கள் தரத்தால் பெயர்பெற்றன.

மாறியது யாது? முன்பு உற்பத்தி வரிசையை நிறுத்துவது குற்றமாகக் கருதப்பட்டது. எனவே குறையுடைய காரும் நகர்ந்துகொண்டேயிருந்தது. புதிய ஏற்பாட்டில் தொழிலாளர் கைக்கெட்டும் வகையில் ஒரு கயிறு கட்டப்பட்டது. குறை காண்பவர் அதனை இழுத்தால் குழுத்தலைவர் உதவிக்கு விரைவார். குறித்த நேரத்தில் குறை தீராவிடில் வரிசையே நிற்கும். ‘யார் செய்தார்?’ என வினவாது, ‘ஏன் நேர்ந்தது?’ என வினவினர்.

ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகளில் இம்முறை எளிதில் வேரூன்றவில்லை. கயிற்றைக் கட்டுவது எளிது. இழுத்தவரைச் சினவாத மேலாளரை உருவாக்குவதே அரிது. நம்மியும் 2010இல் மூடப்பட்டது. எனினும், குறையைச் சொல்ல அஞ்சும் இடத்தில் குறை மறைக்கப்படுமேயன்றித் தீராது என்பதனை, நாளை பிறரிடம் பணி கொள்ளவிருக்கும் நாம் இன்றே உணர்தல் வேண்டும்.