மஞ்சக் கடுதாசிக்கு முன்னால் வரும் போன்

"அவரு மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்" என்று நம்ம பக்கம் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடன் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனு போட்டுவிட்டார் என்று அர்த்தம். சட்டத்தில் அது நொடிப்பு மனு. வக்கீல்கள் ஐ.பி. என்பார்கள். அந்தக் கடுதாசியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அதற்கு முன்னால் ஆறு மாசமோ ஒரு வருஷமோ விடாமல் அடிக்கிற வசூல் போனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் கோர்ட்டில் போவதைவிட, இந்தப் போன் அடிக்கும் மாசங்களில் பயந்துபோய் எடுக்கிற முடிவுகளால் போவதுதான் அதிகம்.

இது நம் இதழுக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் இருக்கிற இரும்புலியூர், தாம்பரம் பக்கத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் நிலம் வாங்கி இயற்கை விவசாயத்தில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே பர்சனல் லோன் எடுத்து வேலி, போர், மாட்டுக் கொட்டகை போடுவார்கள். ரசாயனத்தில் கெட்ட மண் திருந்த மூணு வருஷமாவது கேட்கும். ஈ.எம்.ஐ. மூணு நாள்கூடக் காத்திருக்காது. பழைய உழவர்களுக்கும் மகளிர் குழுக் கடன், டிராக்டர் கடன், செல்போன் ஆப் கடன் என்று ஏதோ ஒன்று இருக்கிறது.

சத்தம் போடுபவருக்கு உரிமை குறைவு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கையில் அடமானம் வைத்திருப்பவர் அதிகம் சத்தம் போட மாட்டார். நகைக் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்புவார், தேதி முடிந்தால் ஏலம் விடுவார். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதன் பிறகும் கட்டாவிட்டால் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். இந்தக் கடுதாசிகள் அமைதியாகத்தான் வரும். ஆனால் பல் உள்ளது இவற்றுக்குத்தான்.

விவசாய நிலத்தை அடமானம் வைத்திருந்தால் நிலைமை வேறு. சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. வங்கி சாதாரணமாக வழக்குப் போட்டுத்தான் வர முடியும். நிலத்தில் உண்மையிலேயே விவசாயம் நடக்கிறதா என்பதைக் கோர்ட் பார்க்கும். எனவே அடங்கலில் பயிர் ஒழுங்காகப் பதிவாகியிருக்கட்டும்.

பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, ஆப் கடன் இவற்றுக்கு அடமானம் எதுவும் கிடையாது. வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பிறகுதான் சொத்தைத் தொட முடியும். அதற்கு நாளும் செலவும் ஆகும். அதனால் அவர்கள் கையில் இருக்கிற மலிவான ஆயுதம் போன். ஒரு நாளைக்கு இருபது முறை அடிப்பதும், மானத்தைத் தொட்டுப் பேசுவதும் அதனால்தான். இது தெரியாமல் பலர் சத்தம் தாங்காமல் கார்டு கடனைக் கட்டிவிட்டு, நகைக் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நகையை ஏலத்தில் விடுகிறார்கள். எந்தக் கடனை முதலில் கட்டுவது என்று போன் குரல் முடிவு செய்யக் கூடாது. எந்தக் கடனைக் கட்டாவிட்டால் எது போகும் என்று கணக்குப் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டும்.

அவர்கள் செய்யக் கூடாதவை

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியோ நிதி நிறுவனமோ அவர்கள் வைத்திருக்கும் வசூல் ஏஜென்டோ, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. குழுக் கடன் போன்ற நுண்கடனுக்குத் தனி விதி உண்டு: காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவது, திரும்பத் திரும்ப அடித்துத் தொல்லை கொடுப்பது, பேர் சொல்லாமல் பேசுவது, பொய் சொல்லிப் பயமுறுத்துவது, நாலு பேர் நடுவில் அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாமே தடை. கடன் ஆப்கள் நம் செல்போனில் உள்ள நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்று அதே வருஷம் செப்டம்பரில் இன்னொரு உத்தரவும் வந்தது.

இந்த விதிகள் காகிதத்தில் மட்டும் இருப்பவை அல்ல. 2022 செப்டம்பரில் ஜார்கண்டில் டிராக்டர் கடனுக்காக வண்டியைப் பறிக்க வந்தவர்களால் ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் டிராக்டர் ஏறி இறந்துபோனார். சில நாட்களிலேயே அந்தப் பெரிய நிதி நிறுவனம் வெளி ஏஜென்டுகளை வைத்து வசூல் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஓர் உயிர் போன பிறகு வந்த தடை அது. நாம் முன்கூட்டியே எழுத்தில் புகார் செய்வது எதற்கு என்றால், அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான்.

"போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவே" என்பது அடிக்கடி வரும் மிரட்டல். கட்ட வசதியில்லாத ஒரே காரணத்துக்காக நேர்மையான கடனாளியைச் சிறையில் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. ஆனால் ஒரு விலக்கை மறந்துவிடாதீர்கள். செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பி வந்தால் அது குற்ற வழக்கு. செக் பவுன்ஸ் நோட்டீஸ் தபாலில் வந்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வக்கீலிடம் காட்டுங்கள். இதனால்தான் போனில் பேசுகிறவர் "ஒரு செக் கொடுத்து வைங்க சார், சும்மா செக்யூரிட்டிக்கு" என்றால் கொடுக்கவே கூடாது.

போனை எடுத்தால் என்ன பேசுவது

போனை அணைத்துப் போடுவது வழியல்ல. போன் போகாவிட்டால் ஆள் வருவார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போன் பக்கத்தில் வையுங்கள். தேதி, மணி, நம்பர், பேசியவர் பெயர், ஏஜென்சி பெயர், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கால் ரெக்கார்டு செய்து வைப்பதும் நல்லது. பேச்சு இவ்வளவு போதும்:

"உங்க பேரு, ஏஜென்சி பேரு, லோன் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன். கடன் இல்லேன்னு நான் சொல்லலை. இப்போ கட்டுற நிலைமையில இல்லை. எவ்வளவு பாக்கின்னு எழுத்துல அனுப்புங்க, எழுத்துலயே பதில் சொல்றேன். எங்க வீட்டுல வேற யாருக்கும் போன் பண்ணாதீங்க."

அவர் கத்தினாலும் இதையே திரும்பச் சொல்லிவிட்டு வையுங்கள். பதிலுக்குத் திட்ட வேண்டாம். அந்தப் பக்கம் பேசுவதும் பெரும்பாலும் டார்கெட்டுக்கு வேலை பார்க்கிற ஒரு சின்னப் பையனோ பொண்ணோதான். கட்ட முடியாத தேதியைச் சொல்லி வாய் வார்த்தை கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்; கட்டுவதாக இருந்தால் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டில் மனைவி, பெற்றோர், பெரிய பிள்ளைகள் எல்லாரிடமும் கடன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டாருக்குத் தெரிந்த கடனை வைத்து யாரும் மிரட்ட முடியாது.

தொல்லை தொடர்ந்தால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். 2008 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தால் அது முடியும்வரை அந்தக் கடனை வங்கி வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வெறும் இழுத்தடிப்பு என்று வங்கிக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டும் விலக்கு. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். அடிதடி, ஆபாசப் பேச்சு, போட்டோவை மாற்றிப் பரப்புவது என்று போனால் போலீஸ். 2022-லிருந்து தாம்பரத்துக்குத் தனிக் கமிஷனர் அலுவலகமே இருக்கிறது. கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் வருஷத்து அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் கொடுப்பவர்களின் கட்டாய வசூலைத் தடுக்க 2025-லும் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

மனு போடும் எண்ணம் இருந்தால்

முதலில் வங்கியிடம் தவணையை மாற்றித்தரக் கேளுங்கள். ஒரே தவணையில் முடிக்கிற செட்டில்மென்ட், லோக் அதாலத் இவற்றையும் பாருங்கள். எதுவும் முடியாதபோதுதான் ஐ.பி. தனி நபர் திவாலுக்கு 2016-ல் வந்த புதுச் சட்டத்தின் பகுதி சாதாரணக் கடனாளிகளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரும்புலியூர் போன்ற புறநகருக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான். பழைய சென்னை நகர எல்லைக்குள் 1909-ஆம் வருஷத்துச் சட்டம்.

போன் தொல்லையில் நாம் செய்கிற மூன்று காரியங்கள் இந்த 1920 சட்டத்தில் நமக்கே எதிராகத் திரும்பும்.

ஒன்று, கத்துகிறவருக்கு மட்டும் கொடுப்பது. மனு போடுவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் மற்றவர்களை விட்டு ஒரு கடன்காரருக்குச் சலுகை காட்டி எதையும் கொடுத்திருந்தால், 54-ஆம் பிரிவில் அது செல்லாது.

இரண்டு, நிலத்தை மச்சான் பேருக்கோ தம்பி பேருக்கோ மாற்றுவது. இரண்டு வருஷத்துக்குள் மனு வந்து நொடித்தவர் என்று உத்தரவானால், உண்மையான விலை வாங்காமல் எழுதிக்கொடுத்ததை 53-ஆம் பிரிவில் கோர்ட் ரத்து செய்யலாம். நிலமும் போகும், நாணயமும் போகும்.

மூன்று, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். திருப்பிக் கட்டுவோம் என்ற நியாயமான நம்பிக்கை இல்லாமல் கடன் வாங்கியிருந்தால், கடைசியில் விடுவிப்பு உத்தரவு கேட்கும்போது அதுவே தடையாக வரும். வரவு செலவுக் கணக்கு வைக்காததும் அப்படித்தான். பஞ்சகவ்யத்துக்கு வாங்கிய வெல்லம்வரை எழுதி வைக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவிட்ட பிறகு சொத்து கோர்ட்டின் பொறுப்புக்குப் போய்விடும். கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் தனியாக வழக்குப் போட முடியாது. போன் வந்தால் ஐ.பி. நம்பரைச் சொல்லி "கோர்ட்டில் பேசுங்க" என்று முடிக்கலாம். ஆனால் அடமானம் வைத்திருப்பவரை இது தடுக்காது. ஜாமீன் போட்டவரையும் காப்பாற்றாது. உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட சொந்தக்காரரிடம் மனு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது முறை. விடுதலை ஆகும்வரை, தன் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே குற்றம். 1920-ல் போட்ட அந்த 50 ரூபாய் இன்னும் சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது.

உழவருக்கு ஒரு முக்கியமான பாதுகாப்பு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் ஜப்தி செய்யக் கூடாத பொருட்களின் பட்டியல் இருக்கிறது. விவசாயியின் கலப்பை முதலான கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடுகள், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு எல்லாம் அதில் வரும். அடமானம் வைக்காதவரை நொடிப்பு வழக்கிலும் இவை தப்பும். போனில் ஒருவர் கத்தினார் என்று உழவு மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறவர், வீட்டு விதை நெல்லை மூட்டை கட்டி விற்கிறவர், சட்டமே தொடாத பொருளைத் தானாகக் கொடுக்கிறார். அடுத்த பட்டத்துக்கு அவரிடம் என்ன இருக்கும்?

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நம்பர்களை எழுதுங்கள். ரிசர்வ் வங்கி புகார் உதவி: 14448. இலவச சட்ட உதவி: 15100, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. இணைய மோசடிப் புகார்: 1930. மனசு தாங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, தப்பான எண்ணம் வருகிறது என்றால் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். கடைசி நம்பரை மட்டும் வீட்டில் எல்லாருடைய போனிலும் சேர்த்து வையுங்கள்.