மெல்லிய துண்டுக்கு எத்தனை பெயர்!

சிங்கப்பூரில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஸ்லைஸ், ஃப்ளேக், சிப், ஷேவிங், ஸ்லிவர் எல்லாவற்றுக்கும் அகராதி 'மெல்லிய சிறு துண்டு' என்கிறதாம். மாணவர்கள் எதை எங்கே சொல்வது என்று திணறுகிறார்களாம்.

திணறலின் வேர் சீன மொழியிலேயே இருக்கிறது. தட்டையான, மெல்லிய பொருள்கள் பலவற்றை அங்கே 'பியென்' என்ற ஒரே சொல் தாங்குகிறது. மாத்திரை யாவ்பியென், சவர பிளேடு தாவ்பியென், புகைப்படம் ஜாவ்பியென், உருளைக்கிழங்கு வறுவல் ஷூபியென், கணினிச் சில்லு சின்பியென். கி.பி. 100ஐ ஒட்டி ஷு ஷென் தொகுத்த அகராதி, இந்த எழுத்துக்குப் 'பிளந்த மரம்' என்று பொருள் சொல்கிறது. மரத்தைக் குறிக்கும் எழுத்தில் பாதிதான் அது.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. ரொட்டித் துண்டை எண்ணும்போது அளவுச்சொல்லாக வரும் அதே பியென்தான் கடலையும் காட்டையும் எண்ணுகிறது. ஒரு பியென் ரொட்டி, ஒரு பியென் கடல்! பரப்பாக விரிந்து கிடந்தால் போதும், அளவு பொருட்டில்லை. ஓரிடம் முழுக்கக் கவிந்த அமைதிகூட ஒரு பியென் அமைதிதான்.

ஆங்கிலமோ, துண்டு எப்படிப் பிரிந்தது என்று பார்க்கிறது. கத்தியால் அரிந்தெடுத்தது ஸ்லைஸ். சுவரிலிருந்து பெயின்ட் காய்ந்து உரிந்து உதிர்ந்தால் ஃப்ளேக். எங்கள் வீட்டுக் கதவு செய்ய வந்த தச்சர் இழைப்புளி ஓட்டும்போது சுருள் சுருளாக விழுந்தது ஷேவிங். அவரே உளியை வைத்துத் தட்டும்போது தெறித்தது சிப். ஒரே மரம், ஒரே கை. கருவி மாறியதும் பெயர் மாறிவிடுகிறது. ஸ்லிவர் நீண்டு மெலிந்த கீற்று. விரலில் ஏறிய மரச்சிராய் ஸ்ப்ளின்ட்டர். உடைந்த பானையின் ஓடு ஷார்டு.

சிப் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்குதான் சிப்ஸ். மெல்லிய வறுவலுக்கு அங்கே கிரிஸ்ப்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் அந்த வறுவலே சிப்ஸ்.

என் வருத்தமெல்லாம் இருமொழி அகராதிகள்மீதுதான். ஐந்து சொல்லுக்கும் ஒரே பொருளை எழுதிவிட்டு நகர்வது மாணவருக்குச் செய்யும் அநீதி. பட்டியலை மனப்பாடம் செய்தவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். கையால் அரிந்து பார்த்தவருக்கு அது மறக்காது. ஆசிரியர்களே, ஒரு ரொட்டியும் கத்தியும், ஒரு பென்சிலும் ஷார்ப்னரும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அரிவதையும் சீவுவதையும் மாணவர்களே செய்யட்டும்; கை வேலை செய்யும்போதே சொல்லைச் சொல்லிக்கொடுங்கள்.