பேனாவால் அடித்துச் சட்டம் எழுதும் ஆளுநர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் அரசுப் பள்ளி மாவட்டம், மாணவர் ஒருவருக்கு இவ்வளவுதான் வருவாய் திரட்டலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 2425-ஆம் ஆண்டு வரை, வருடாவருடம் 325 டாலர் உயர்ந்துகொண்டே போகும். 2425 என்பது அச்சுப்பிழை அல்ல. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் இந்த உயர்வு இரண்டே ஆண்டுகளுக்குத்தான் இருந்தது. மீதி நானூறு ஆண்டுகளைச் சேர்த்தவர் ஆளுநர். அதற்காக அவர் ஓர் எழுத்தும் புதிதாக எழுதவில்லை. இருந்ததில் சிலவற்றை அடித்தார், அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கும் என்று புரிய, அந்த ஊர் ஆளுநர் யார் என்பதில் தொடங்க வேண்டும். இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மசோதாவுக்கு ஒப்புதல் தருவது, நிறுத்திவைப்பது, திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குவது என்று அரசியல் சாசனத்தின் 200-ஆவது பிரிவு அவருக்குச் சில வழிகளைத் தருகிறது. மசோதாவில் ஒரு காற்புள்ளியை அடிக்கும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. அமெரிக்க மாநில ஆளுநர் வேறு ரகம். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். ஆனால் அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. அவையில் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் இருந்தாலும் பதவியில் நீடிப்பார். இரு தரப்பும் மோதும் இடம் கையெழுத்து மேஜை.

விஸ்கான்சினில் மசோதா மேஜைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக ஆறு நாளுக்குள் ஆளுநர் முடிவெடுக்க வேண்டும். கையெழுத்திட்டால் சட்டம். வீட்டோ செய்தால், காரணத்தைச் சொல்லி அவைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரண்டால் அந்த வீட்டோவை முறியடிக்கலாம். ஆனால் அங்கே 1985-க்குப் பிறகு ஒரு வீட்டோகூட முறியடிக்கப்படவில்லை. ஆகவே ஆளுநர் அடித்தது அநேகமாக அடித்ததுதான்.

முழு மசோதாவை ஏற்பது அல்லது நிராகரிப்பது என்பதோடு நின்றிருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் பட்ஜெட் மசோதாவில் நிதி ஒதுக்கீட்டோடு, சம்பந்தமில்லாத பல விதிகளையும் சட்டமன்றம் சேர்த்துக் கட்டிவிடும். அவற்றுள் ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காக மாநிலத்தின் மொத்தச் செலவுத் திட்டத்தையும் ஆளுநர் தடுக்க முடியுமா? இதற்குத் தீர்வாக, ஒதுக்கீட்டு இனங்களை மட்டும் தனித்தனியே நீக்கும் அதிகாரத்தை 44 மாநிலங்கள் ஆளுநருக்குத் தந்திருக்கின்றன. விஸ்கான்சின் 1930-இல் கொண்டுவந்த திருத்தம் வேறு மாதிரி: நிதி ஒதுக்கீட்டு மசோதாவை ஆளுநர் முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கலாம். அந்தப் ‘பகுதி’ எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்று அதில் சொல்லவில்லை. எல்லா வழக்குகளும் அங்கிருந்து பிறந்தவைதான்.

பேட்ரிக் லூசி ஆளுநராக இருந்தபோது, 1973-இல், நெடுஞ்சாலைக் கடன் பத்திரங்களுக்கான 25,000,000 டாலரில் முதல் இலக்கமான 2-ஐ அடித்தார். இரண்டரைக் கோடி, ஐம்பது லட்சம் ஆயிற்று. இரண்டாண்டு கழித்து, சுற்றுலா விளம்பர நிதி பற்றிய விதியில் ‘50 சதவீதத்துக்குக் குறையாமல்’ என்று இருந்ததில் ஒரே ஒரு சொல்லை நீக்கினார். விதி தலைகீழாகி, ‘50 சதவீதத்துக்குக் குறைவாக’ என்று மாறிற்று. 1983-இல் டோனி ஏர்ல் எழுத்துகளையே தனித்தனியாகக் கத்தரித்து, 121 சொற்கள் கொண்ட பத்தியை 22 சொற்களில் ஒரு புதிய வாக்கியமாக்கினார். டாமி தாம்சன் 1987 பட்ஜெட்டில் மட்டும் 290 இடங்களில் பகுதி வீட்டோவைப் பயன்படுத்தினார்.

மக்கள் பொறுக்கவில்லை. 1990-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சொற்களுக்குள் இருக்கும் எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உண்டாக்கக் கூடாது என்றார்கள். தொலைக்காட்சி விளையாட்டில் எழுத்துப் பலகைகளைத் திருப்பும் வன்னா வைட்டின் பெயரால் அந்த முறையை அழைத்து வந்தார்கள். எழுத்துக்குத்தானே தடை, சொற்களை அடிக்கலாமே என்று 2005-இல் ஜிம் டாய்ல் 752 சொற்களை நீக்கினார். எஞ்சிய 20 சொற்கள் ஒட்டி நின்று, போக்குவரத்து நிதியிலிருந்து 42.7 கோடி டாலரைப் பொது நிதிக்கு மாற்றும் கட்டளையாக ஆகிவிட்டன. இதற்கு ‘பிராங்கன்ஸ்டைன் வீட்டோ’ என்று பெயர். 2008-இல் அதற்கும் தடை வந்தது: இரண்டு வாக்கியங்களின் துண்டுகளைச் சேர்த்துப் புது வாக்கியம் உண்டாக்கக் கூடாது.

எஞ்சியது எண்கள். 2017-இல் குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கர், பள்ளிகள் சம்பந்தப்பட்ட ஒரு தடை முடியும் நாளான ‘டிசம்பர் 31, 2018’ என்பதை, இடையில் இருந்த இலக்கங்களை அடித்து, ‘டிசம்பர் 3018’ ஆக்கினார். ஓராண்டுத் தடை ஆயிரம் ஆண்டுக்கு நீண்டது.

2023 ஜூலை 5 அன்று ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் செய்ததும் அதே வேலைதான். மசோதாவில் 2023-24 பள்ளி ஆண்டுக்கும் 2024-25 பள்ளி ஆண்டுக்கும் என்று இருந்தது. இடைப்பட்ட சொற்களையும், சில இலக்கங்களையும், 25-க்கு முன்னால் இருந்த சிறு கோட்டையும் அடித்தார். தாளில் எஞ்சியது 2023-2425. எவர்ஸ் ஆசிரியராக இருந்து, மாநிலப் பள்ளிக் கல்வித் துறைக்கே தலைமை வகித்தவர். பள்ளிகளுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்ற அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வரம்பு உயர, மாநில அரசு தன் நிதியுதவியை உயர்த்தாவிட்டால், அந்த இடைவெளியை உள்ளூர்ச் சொத்து வரியால்தான் நிரப்ப முடியும். அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் விழும். அதற்கு எந்த அவையிலும் யாரும் கைதூக்கவில்லை.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 18 அன்று நான்குக்கு மூன்று என்று எவர்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது. 1990 திருத்தம் எழுத்துகளைத் தடுக்கிறது, இலக்கங்களை அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாசிப்பு. அதே நீதிமன்றம் இரண்டு மாதம் கழித்து, கல்வியறிவுத் திட்டம் பற்றிய வேறொரு மசோதாவில் எவர்ஸ் பகுதி வீட்டோவைப் பயன்படுத்தியது செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. அது நிதி ஒதுக்கீட்டு மசோதாவே அல்ல என்பது காரணம்.

சாசனத்தின் வாசகப்படி ஏப்ரல் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தடுக்கும் அதிகாரம் உண்டாக்கும் அதிகாரமாக மாறும்போது ஜனநாயகத்தில் ஏதோ முறிந்துவிடுகிறது. நோக்கம் பள்ளிக் குழந்தைகளாக இருந்தாலும் இதுதான் என் எண்ணம். இன்று நமக்குப் பிடித்த ஆளுநர் நீட்டிய கோட்டை நாளை பிடிக்காதவரும் நீட்டுவார். வாக்கரும் எவர்ஸும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்ற வழி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஒரு திருத்தத்தை ஏற்று, பிறகு மக்கள் வாக்கெடுப்பில் அது வெல்ல வேண்டும். எழுத்துக்கும் வாக்கியத்துக்கும் தடை வந்தது அப்படித்தான். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. அதை அவர் வீட்டோ செய்யவும் முடியாது.