பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நம்மிற் பலர் இளமை முதற் கண்டிருக்கின்றோம். கடலுக்குச் செல்வோரும் செல்லாதோரும் அக்கூண்டின் எண்ணைக் கேட்டறிந்தே அன்றைய அலுவலைத் தொடங்குவர். கூண்டு தானாக ஒன்றையும் அறியாது; வானிலைத் துறையார் விடுத்த செய்தியை யாவரும் காண உயர்த்திக் காட்டுவதே அதன் தொழில். கணினி வாயிலாகப் பலர் கூடிப் பணிசெய்யும் தளங்களில் ‘நீட்சி’ எனப்படும் சிறு கருவிகள் ஆற்றுந் தொழிலும் இத்தகையதே. அவற்றை அமைக்கும் முறையையும், அமைப்போர் மறத்தலாகாத ஒன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கூட்டுப்பணித் தளமாவது யாது? ஒருவர் எழுதியது அந்நொடியே மற்றையோர் திரையிலும் தோன்ற, வெவ்வேறு ஊரினர் ஓர் அறையிற் கூடினாற்போல உரையாடிப் பணிசெய்ய இடந்தரும் மென்பொருளாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தாரின் ‘கிளிக்’ என்னுந் தளம் இதற்கு நல்ல உதாரணம். 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தொடங்கிய இந்நிறுவனம் 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது.

தளத்தைச் செய்தோர் எல்லார்க்கும் பொதுவானவற்றையே செய்துதர இயலும். நெல் மண்டிக் கணக்கர்க்கு வேண்டுவது வேறு. மீன் ஏலக்கூடத்தார்க்கு வேண்டுவது வேறு. ஆதலின் அவரவர் தேவையை அவரவரே அமைத்துக் கொள்ளுமாறு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளனர். அதன் வழியே சேர்க்கப்படுவதே நீட்சி.

கிளிக்கில் அதன் உறுப்புக்களுள் சிறந்தன மூன்று. முதலாவது கட்டளை: சாய்கோட்டின்பின் ஒரு பெயரை எழுதிய அளவில், தளம் அதற்குரிய நிரலை இயக்கி விடை தரும். இரண்டாவது பாட்: உரையாடலில் ஓர் உறுப்பினர் போலிருந்து, தன்னை விளிப்போர்க்கு மறுமொழி கூறும். மூன்றாவது காலப்பணி: குறித்த நேரந்தோறும் தானே இயங்கும். இவற்றின் நிரல்கள் ‘டெலுஜ்’ என்னும் மொழியில் எழுதப்படும். அச்சொல்லுக்கு ஆங்கிலத்திற் பெருவெள்ளம் என்று பொருள். காவிரிக் கடைமடையில் வாழும் நமக்கு அப்பெயர் அச்சந் தருவதன்று, அறிந்ததே.

ஓர் உதாரணம் கொள்வோம். நாகூர், வேளாங்கண்ணி, வேதாரணியம் ஆகிய ஊர்களில் மழைக்காலத் தொண்டுபுரியும் மாணாக்கர், தத்தம் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தில் இன்னும் எத்தனை பேர்க்கு இடமுண்டு என்பதை ஓர் அட்டவணையில் எழுதி வருகின்றனர் என்க. “வேளாங்கண்ணியில் இடமுண்டா?” என ஒருவர் குழுவில் வினவினால், பத்துப் பேர் பத்து விடை கூறுவர், எது புதியது, எது பழையது என்பது விளங்காது. இதற்கு ஒரு கட்டளை அமைப்போம். நிரல் ஊர்ப்பெயரைப் பெறும். அட்டவணையில் அவ்வூர்க்குரிய வரியைத் தேடும். எஞ்சிய இடத்தை விடையாகத் தரும். சில வரிகளில் இந்நிரல் முடிந்துவிடும்.

எனினும் இவ்வளவில் நிறுத்தினால் தீங்கு விளையக்கூடும். காலை ஆறு மணிக்கு எழுதிய எண்ணை மாலை ஆறு மணிக்கு வினவினாலும், “நாற்பது பேர்க்கு இடமுண்டு” என்று நீட்சி தயங்காது கூறும். மனிதனாயின், “காலையிற் பார்த்தேன், இப்போது அறியேன்” என்பான். யந்திரத்தின் சொல்லில் ஐயம் ஒலிப்பதில்லை. அதனை நம்பி ஒரு தாய் தன் குழந்தைகளுடன் கொட்டும் மழையில் நடந்து, நிரம்பிய மையத்தின் வாயிலில் நிற்க நேரும். ஆதலின், எழுதியவர் யார், எழுதிய நேரம் யாது என்பன விடையோடு பிரியாது வருதல் வேண்டும்.

இதனினும் பெரியது மற்றொன்று. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு கழிந்தபின் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் தொலைபேசித் தொடர்பும் அற்றது. அத்தகைய வேளையில் ஓரூரிலிருந்து செய்தி வாராமை, அங்குத் துன்பமின்மைக்கு அறிகுறியன்று. பெருந்துன்பத்துக்கே அறிகுறியாதலுங் கூடும்.

துறைமுகக் கூண்டுகளை வகுத்தோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அவை 1 முதல் 11 வரை எண்ணுடையன. முதற் பத்தும் புயலின் சேய்மை, கடுமை, அது துறைமுகத்தைக் கடக்கும் பக்கம் ஆகியவற்றைத் தெரிவிப்பன. பதினோராவதோ, வானிலை மையத்தோடு தொடர்பு அற்றது என்பதையும், தீங்கு நேரக்கூடும் என அவ்விடத்து அதிகாரி கருதுவதையும் அறிவிப்பது. செய்தி இல்லை என்பதையே ஒரு செய்தியாக உயர்த்திக் காட்டிய அறிவு பாராட்டத்தக்கது.

நம் நீட்சிக்கும் அத்தகைய கூண்டு ஒன்று வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை காலப்பணி அட்டவணையை நோக்குக, மூன்று மணிநேரம் புதுப்பிக்கப்படாத ஊரின் எண்ணை மறைத்து, “இவ்வூரிலிருந்து செய்தியில்லை, நேரில் விசாரிக்க” என்று பாட் வாயிலாகக் குழுவில் எழுதுக. அட்டவணையைத் திறக்க இயலாவிடின், வெற்றிடமோ சுழியமோ காட்டாது, “பார்க்க இயலவில்லை” என்றே கூறுக. வலைத்தொடர்பு முற்றும் அறுந்தால் நீட்சியும் பேசாதாகலின், கடைசிப் பட்டியலைத் தாளிலும் எழுதிவைத்தல் நன்று.

இக்கலையைப் பயில விரும்பும் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: நீட்சி அறிந்ததைச் சொல்லும் வரியை எழுதுமுன், அறியாதபோது அது சொல்லவேண்டிய வரியை முதற்கண் எழுதுக.